பீச் நிறப் பூச்சும் கருங்கல் திருமேனியும்

ஞாயிற்றுக்கிழமை சமய வகுப்பு முடிந்து பாய்களைச் சுருட்டிக்கொண்டிருந்தோம். படிவம் நான்கில் படிக்கும் மாணவி ஒருத்தி பக்கத்தில் வந்து கைத்தொலைபேசியை நீட்டினாள்.

"அக்கா, இதப் பாருங்களேன். பீச் ரூட்டீன். காலையில எழுந்ததுலேர்ந்து ராத்திரி படுக்கிற வரைக்கும் எல்லாமே பீச் கலர்தான்."

பார்த்தேன். குளிக்கும் சோப்பு, உடம்புக்குப் பூசும் லோஷன், கன்னத்துக்கு, உதட்டுக்கு, நகத்துக்கு, துண்டு கூட அதே நிறம். விடிகாலை வெளிச்சம் பட்ட மாதிரி மெல்லிய, இதமான நிறம். அழகாகத்தான் இருந்தது. பேண்டோன் நிறுவனம் 2024-ஆம் ஆண்டின் நிறமாக 'பீச் ஃபஸ்' என்ற நிறத்தைத் தேர்ந்தெடுத்தது. மால்களில் உள்ள அழகுசாதனக் கடைகளிலும் இந்த நிறத்தை நிறையவே பார்க்கிறோம்.

"நானும் செய்யலாம்னு இருக்கேன். ஆனா பாட்டி திட்டுறாங்க. கண்ணாடி முன்னால நிக்கிற நேரத்துல ரெண்டு தேவாரம் பாடலாம்லங்கிறாங்க. நம்ம சமயத்துல இது தப்பாக்கா?"

என்னிடம் தயாராக ஒரு பதில் இருந்தது. "அளவோட இருந்தா தப்பில்லைம்மா. அக அழகுதான் முக்கியம்." எந்தக் கேள்விக்கும் பொருந்துகிற பதில். அவளும் தலையாட்டினாள். கைத்தொலைபேசியைப் பையில் போடும்போது, தனக்குத் தானே சொல்லிக்கொள்வது போல இன்னொன்று சொன்னாள்.

"எப்படியும் எனக்கு செட் ஆகாதுக்கா. போன வாரம் கூட்டாளியோட பிளஷ் வாங்கிப் போட்டேன். கன்னத்துல சாம்பல் அப்பின மாதிரி இருந்துச்சு. என் தோல் அப்படி."

அவள் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டேன். கேட்காமல் சொன்ன அந்தக் கடைசி வார்த்தைக்கு என்னிடம் பதில் இல்லை. சில வாரங்களாக அதைத்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

'ஸ்கின் கலர்' எது?

தமிழ்ப்பள்ளியில் ஓவியப் பாடம் நினைவிருக்கிறதா? "உன் குடும்பத்தை வரை" என்பார் ஆசிரியர். அம்மா, அப்பா, தம்பி, வீடு, தென்னை மரம். வரைந்து முடித்ததும் வகுப்பு முழுக்க ஒரே குரல்: "ஏய், அந்த ஸ்கின் கலர் பென்சில கொடு!" அந்தப் பென்சில் பீச் நிறத்தில் இருக்கும். எங்கள் வகுப்பில் அந்த நிறத்தில் ஒருவர்கூடக் கிடையாது. ஆனாலும் எல்லோருடைய அம்மாவும் அப்பாவும் அந்த நிறத்தில்தான் ஆனார்கள். மண்ணிறப் பென்சில் தென்னை மரத்துக்குப் போய்விடும்.

அமெரிக்காவின் கிரேயோலா நிறுவனம் தன் வண்ணக்குச்சி ஒன்றுக்கு 'சதை' என்று பொருள்படும் 'ஃபிளெஷ்' என்ற பெயரை வைத்திருந்தது. மனிதர் எல்லோருடைய சதையும் ஒரே நிறம் இல்லையே என்ற நியாயம் புரிந்து, 1962-இல் அந்தப் பெயரை மாற்றியது. புதிய பெயர் என்ன தெரியுமா? 'பீச்'. பெட்டியில் பெயர் மாறியது. ஆனால் எத்தனையோ ஆண்டுகள் கழித்து, கடல் தாண்டி, மலேசியாவில் ஒரு தமிழ்ப்பள்ளி வகுப்பறையில் நாங்கள் பழைய பெயரையே சொல்லிக்கொண்டிருந்தோம்.

பெயரை மாற்றுவது சுலபம். 1975-இல் இந்தியாவில் அறிமுகமான 'ஃபேர் அண்ட் லவ்லி' களிம்பு 2020-இல் 'க்ளோ அண்ட் லவ்லி' ஆனது. நம் வீட்டு வரவேற்பறையில் மட்டும் "பொண்ணு கறுப்பா இருந்தாலும் களையா இருக்கா" என்ற பேச்சு இன்னும் ஓயவில்லை. பாராட்டுவதாக நினைத்துத்தான் சொல்கிறார்கள். அந்த 'இருந்தாலும்' என்ற ஒரு சொல் செய்கிற வேலையை யாரும் கவனிப்பதில்லை. அண்ணன் தம்பிமார்களே, இதை நீங்களும்தான் சொல்கிறீர்கள்.

ஆகவே அந்த மாணவியின் பிரச்சினை பிளஷ் இல்லை. பூச்சு அவளுக்குப் பொருந்தவில்லை என்றதும் அவள் பூச்சைக் குறை சொல்லவில்லை; தன் தோலைக் குறை சொன்னாள். நானும் அந்த வயதில் அதைத்தான் செய்தேன். பதினேழு வயதில் பாசார் மாலாமில் பெயர்ச்சீட்டு எதுவும் இல்லாத ஒரு டப்பா கிரீம் வாங்கினேன். இரண்டே வாரத்தில் முகம் வெளுத்தது. எல்லோரும் "என்ன போடுற?" என்று கேட்டார்கள். பெருமையாக இருந்தது. பிறகு வெயிலில் நின்றாலே எரிய ஆரம்பித்தது. கன்னத்தில் நரம்பு தெரிந்தது. அம்மா என்னைக் கிளினிக்குக்கு இழுத்துக்கொண்டு போனார். தோல் தேற ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. டப்பாவுக்குள் என்ன இருந்தது என்று கடைசி வரை தெரியவில்லை.

இன்று ஒன்று தெரியும். திடீரென்று வெளுக்க வைக்கும் சில களிம்புகளில் பாதரசம் இருக்கிறது. தோலில் மெலனின் உருவாவதை அது தடுக்கும். கூடவே உடம்புக்குள் இறங்கிச் சிறுநீரகத்தையும் கெடுக்கும். நம் சுகாதார அமைச்சு பாதரசம், ஹைட்ரோகுயினோன், டிரெட்டினோயின் கண்டுபிடிக்கப்பட்ட பூச்சுகளின் பெயர்களை அவ்வப்போது வெளியிட்டு அவற்றுக்குத் தடை போடுகிறது. சட்டப்படி விற்கும் அழகுசாதனப் பொருளுக்கு என், ஓ, டி என்ற எழுத்துகளில் தொடங்கும் ஓர் அறிவிக்கை எண் இருக்கும். அந்த எண் இல்லாததை வாங்காதீர்கள்.

பாட்டிக்கும் ஒரு ரூட்டீன் இருந்தது

மாணவியின் பாட்டி திட்டினார் அல்லவா? எனக்கு என் பாட்டி ஞாபகம் வந்தார்.

பாட்டி ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர். விடியும் முன்னே பெரட்டு, பிறகு மரம் மரமாக நடை, நண்பகலில் பால் நிறுத்துப் போட்டுவிட்டுத்தான் வீடு. ஒட்டுப்பால் நாற்றம் எப்படி இருக்கும் என்று தோட்டத்தில் வளர்ந்தவர்களைக் கேளுங்கள். துணியில் ஏறினால் லேசில் போகாது. வீட்டுக்கு வந்ததும் பாட்டி செய்கிற முதல் வேலை குளியல். கஸ்தூரி மஞ்சளை உரசி முகம், கை, கால் எல்லாம் தேய்த்துக் குளிப்பார். வெள்ளிக்கிழமையில் தலைக்கு நல்லெண்ணெய், சீயக்காய். பிறகு நெற்றியில் குங்குமம், கொண்டையில் கனகாம்பரம்.

"ஏன் பாட்டி, வீட்லதானே இருக்கீங்க, யாரு பார்க்கப் போறா?" என்று சின்ன வயதில் ஒருமுறை கேட்டேன். பாட்டி சொன்ன பதில் அப்போது புரியவில்லை. "காலையில இது கங்காணியோட ஒடம்பு. குளிச்சா என் ஒடம்பு."

பாட்டியின் மாநிறக் கன்னத்தில் மஞ்சள் காய்ந்து ஒரு பொன்னிறம் நிற்கும். இப்போது நினைத்துப் பார்த்தால், அதுதான் எங்கள் வீட்டுப் பீச் நிறம். வெளுக்க வேண்டும் என்று பாட்டி மஞ்சள் பூசவில்லை. பிறருக்காக உழைத்த உடம்பைத் தனக்கென்று திரும்ப வாங்கிக்கொண்டார். ஒப்பனை என்றாலே ஆணவம் என்று சொல்பவர்களிடம் என்னால் முழுதாக ஒத்துப்போக முடியாததற்கு இதுதான் காரணம்.

ஆண்டாளும் காரைக்கால் அம்மையாரும்

சமயம் இதற்கு என்ன சொல்கிறது? நம் சமயத்தில் ஒரே பதில் இல்லை. இரண்டு பெண்கள் இரண்டு பதில்களைச் சொல்லியிருக்கிறார்கள்.

பெருமாளுக்குக் கட்டிய மாலையைத் தான் சூடி, பொருத்தமாக இருக்கிறதா என்று அழகு பார்த்தவள் ஆண்டாள். அவள் முகம் பார்த்ததாகச் சொல்லும் கிணறு ஸ்ரீவில்லிபுத்தூரில் இன்றும் இருக்கிறது. பெரியாழ்வாருக்கு அது குற்றமாகப் பட்டது. பெருமாளுக்கோ அவள் சூடிய மாலைதான் வேண்டியிருந்தது. கண்ணாடி முன்னால் நிற்பதே பாவம் என்றால் அவளை நாம் 'சூடிக் கொடுத்த சுடர்க்கொடி' என்று கொண்டாடியிருக்க மாட்டோம்.

இன்னொருவர் காரைக்கால் அம்மையார். புனிதவதியாக இருந்தபோது அழகுக்குக் குறைவில்லை. மாம்பழ அற்புதத்தைப் பார்த்துப் பயந்து கணவன் பிரிந்து போனான். இனி அவனுக்காகத் தாங்கிய இந்த அழகு எதற்கு என்று சதையை உதறி, பேய் வடிவத்தைக் கேட்டு வாங்கினார். அந்த எலும்பு உருவத்தை "அம்மையே" என்று அழைத்தார் சிவபெருமான்.

ஒருத்தி அலங்கரித்தாள், ஒருவர் அழகையே கழற்றி வைத்தார். இருவரும் கடவுளை அடைந்தார்கள். அப்படியானால் கேள்வி பூசுவதா வேண்டாமா என்பதில் இல்லை. இருவரிடமும் பொதுவாக இருந்தது ஒன்றுதான்: தன் உருவத்துக்கு மதிப்புப் போடும் உரிமையை அவர்கள் ஊரார் கையில் கொடுக்கவில்லை.

இந்த இடத்தில் நேர்மையாக இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நிறத்தைப் பற்றிய வலி நம் புராணத்திலேயே இருக்கிறது. சிவன் விளையாட்டாகப் பார்வதியைக் 'காளி', கறுத்தவள் என்று அழைக்க, அது தைத்து, அவள் தவமிருந்து பொன்னிறம் பெற்றுக் கௌரி ஆனாள் என்று ஒரு கதை. பல புராணங்களில் பல விதமாக வருகிறது. சின்ன வயதில் கேட்டபோது, "பாத்தியா, அம்பாளே வெள்ளையாகத்தான் ஆசைப்பட்டா" என்று நினைத்துக்கொண்டேன். கதையின் மறுபாதியை யாரும் எனக்குச் சொல்லவில்லை. அவள் கழற்றிப் போட்ட அந்தக் கறுத்த தோல் வீணாகப் போகவில்லை. அதிலிருந்து கௌசிகி என்ற தேவி எழுந்தாள். சும்ப நிசும்பர்களை அழித்தவள் அவள்தான். வேண்டாம் என்று கழற்றியதிலும் பாதிக்குக் குறையாத சக்தி இருந்திருக்கிறது.

அபிஷேகம் சொல்லித்தரும் பாடம்

ஒரு வெள்ளிக்கிழமை கோயிலில் அபிஷேகம் பார்த்துக்கொண்டிருந்தபோது எனக்கான பதில் கிடைத்தது.

மூலவர் கருங்கல். முதலில் எண்ணெய்க் காப்பு. எண்ணெய் பட்டதும் கல் இன்னும் கறுப்பாக, பளபளவென்று ஆகிறது. பிறகு பால், தயிர், இளநீர், மஞ்சள், சந்தனம், விபூதி. ஒவ்வொன்றாக ஊற்றி, ஒவ்வொன்றையும் கழுவுகிறார்கள். பிறகு திரை போடுகிறார்கள். உள்ளே அலங்காரம். திரை விலகியதும் தீபாராதனை. நாம் கன்னத்தில் போட்டுக்கொள்கிறோம்.

நம் காலைக் குளியலும் பூச்சும் இதே வரிசைதான். ஆனால் ஒரு பெரிய வித்தியாசம். இத்தனை நூற்றாண்டாக இத்தனை குடம் பாலை ஊற்றியும், கல்லை வெளுக்க வைக்க வேண்டும் என்று எந்த அர்ச்சகரும் நினைத்ததில்லை. அலங்காரம் முடிந்தால்தான் இவர் சாமி என்றும் யாரும் சொல்வதில்லை. திரைக்குப் பின்னால், வெறும் கல்லாக நிற்கும்போதும் அவர் சாமிதான். சந்தனக் காப்பில் முழுவதும் மூடினாலும், மறுநாள் அதைக் களைந்துவிட்டு அதே கறுப்பிலிருந்துதான் தொடங்குகிறோம். குறையை மறைக்க நாம் சாமிக்கு அலங்காரம் செய்வதில்லை. அன்பு மிகுதியால் செய்கிறோம்.

"நாம என்ன சாமியா?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. திருமூலரும் முதலில் உடம்பை இழிவாகத்தான் நினைத்திருந்ததாகச் சொல்கிறார். அதற்குள் இறைவன் குடியிருப்பதைக் கண்டபிறகு அதைப் பேணத் தொடங்கினாராம். என் உடம்பு என்பதற்காக அல்ல, ஒருவர் குடியிருக்கும் இடம் என்பதற்காகப் பேணுகிறோம். கோயிலைக் கூட்டிப் பெருக்கிக் கோலம் போடுகிறவர்கள், அது வேறு கோயிலாக மாற வேண்டும் என்று அடித்து நொறுக்க மாட்டார்கள்.

அப்படியென்றால் எப்படிச் செய்வது?

இனி அந்த மாணவிக்கு நடைமுறைப் பதில். பீச் நிறம் நமக்கு செட் ஆகாது என்பது பொய். கடையில் 'பீச்' என்று எழுதியிருக்கும் வெளிர் பூச்சுகள் பலவற்றில் டைட்டானியம் டைஆக்சைடு என்ற வெள்ளை நிறமி கலந்திருக்கும். மாநிறத்தின் மேலும் கறுப்பின் மேலும் அந்த வெள்ளைதான் சாம்பலாகத் தெரிகிறது. தப்பு தோலில் இல்லை, டப்பாவில். ஆப்ரிகாட், பவளம், சுட்ட செங்கல் நிறங்களைத் தேடுங்கள். டப்பாவில் பார்த்தால் "ஐயோ, இவ்வளவு டார்க்கா?" என்று இருக்கும். விரல் நுனியில் கொஞ்சமாகத் தொட்டுக் கன்னத்தில் பரப்பினால், நம் தோலில் அதுதான் மெல்லிய பீச் நிறமாக விழும். கண்ணுக்குக் கீழே உள்ள கருவளையத்துக்கும் அப்படியே: வெளுத்த தோலுக்கு வெளிர் பீச், நமக்குக் கொஞ்சம் ஆழ்ந்த ஆரஞ்சு.

காலையில் மிதமான ஃபேஸ் வாஷ், மாய்ஸ்சரைசர், சன்ஸ்கிரீன். நம் ஊரில் வருடம் முழுக்க வெயில்தான். கறுப்புத் தோலுக்கு சன்ஸ்கிரீன் வேண்டாம் என்பது தவறு. வெள்ளைப் படலம் பிடிக்கவில்லை என்றால் நிறம் சேர்த்த சன்ஸ்கிரீன் வாங்குங்கள். அந்த நிறத்தைக் கொடுப்பது இரும்பு ஆக்சைடு. சுவையான செய்தி ஒன்று: பல பிளஷ்களுக்கு நிறம் கொடுப்பதும் அதே இரும்பு ஆக்சைடுதான். துறவிகளின் ஆடைக்குச் சாயமேற்றப் பழைய நாளில் பயன்பட்ட காவிக்கல்லும் அதே பொருள்தான். பலமுறை துவைத்து வெளிறிய காவித் துணியைப் பார்த்திருக்கிறீர்களா? கிட்டத்தட்ட பீச் நிறம்தான். கன்னத்தில் பூசுவதும் உலகத்தைத் துறந்தவர் உடுத்துவதும் ஒரே மண். பொருளில் பாவம் இல்லை என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

உடம்புக்கு: குளித்து ஈரம் காய்வதற்குள் லோஷன் அல்லது கொஞ்சம் எண்ணெய். வாரம் ஒருமுறை நல்லெண்ணெய்க் குளியல். முடிந்தால் அம்மாவையோ பாட்டியையோ தேய்த்துவிடச் சொல்லுங்கள். தீபாவளி காலையில் மட்டும்தான் அவர்கள் கை நம் தலையில் பட வேண்டுமா என்ன? முழங்கை, முழங்கால் கறுத்திருப்பது அழுக்கு இல்லை, உரசலால் வருவது. கல்லால் தேய்த்தால் இன்னும் கறுக்கும். எலுமிச்சையைத் தேய்த்துவிட்டு வெயிலில் போனால் தோல் வெந்துவிடும்.

கழுத்தில், அக்குளில் தடித்து வெல்வெட் போலக் கறுத்திருந்தால் தேய்க்கவே தேய்க்காதீர்கள், கிளினிக்குக்குப் போங்கள். உடம்பில் இன்சுலின் சரியாக வேலை செய்யவில்லை என்பதற்கு அது அறிகுறியாக இருக்கலாம். இந்நாட்டில் நீரிழிவு நம் இந்தியச் சமூகத்தில்தான் அதிகம். எத்தனை பிள்ளைகள் அந்தக் கறுப்பை அசிங்கம் என்று நினைத்துக் காலர் வைத்து மறைக்கிறார்கள்! உடம்பு ஏதோ சொல்ல வருகிறது. நாம் அதன் வாயைப் பூச்சால் மூடுகிறோம். பேணுவது என்றால் முதலில் காது கொடுத்துக் கேட்பது.

கீழே வைக்க முடிகிறதா?

எது பேணுதல், எது தண்டனை என்று எப்படித் தெரிந்துகொள்வது? புறத்தூய்மைக்கு நீர் போதும், அகத்தூய்மைக்கு வாய்மை வேண்டும் என்கிறார் வள்ளுவர். அந்த வாய்மையோடு என்னையே நான் கேட்டுக்கொள்ளும் கேள்விகள் மூன்று. இது என் உடம்பைக் கெடுக்கிறதா? இது இல்லாத என் முகத்தைப் பார்க்க எனக்குப் பயமா? இதைப் பூசிக்கொண்டு, பூசாத இன்னொருத்தியைக் குறைவாகப் பார்க்கிறேனா?

இரண்டாவது கேள்விக்குத் தைப்பூச விரதம் நல்ல சோதனை. அசைவத்தை விடுகிறோம், தரையில் படுக்கிறோம், ஒப்பனையையும் விடுகிறோம். முதல் வருடம் விரதமிருந்தபோது எனக்குப் பசியைவிடக் கண்ணாடிதான் கஷ்டமாக இருந்தது. வேலைக்கு வெறும் முகத்தோடு போக அவ்வளவு கூச்சம். பத்துமலையில் 272 படிகளையும் ஏறி, வியர்வை வழிய, கலைந்த தலையோடு முருகன் முன்னால் நின்றேன். அந்த நேரத்தில் என் முகம் எனக்கு ஞாபகமே இல்லை. விரதம் முடிந்து மறுபடி பிளஷைக் கையில் எடுத்தபோது அது லேசாக இருந்தது. வேண்டும் என்றால் எடுக்கலாம், வேண்டாம் என்றால் வைக்கலாம் என்ற லேசு. பூசிக்கொள்ளும் சுதந்திரம் அப்போதுதான் உண்மையில் எனக்கு வந்தது.

முழுதாக வந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். போன மாதம் ஒரு கல்யாணப் படத்தை அனுப்பும்போது, கொஞ்சம் வெளுப்பாகத் தெரிந்த படத்தைத்தான் தேர்ந்தெடுத்தேன். அனுப்பிய பிறகுதான் கவனித்தேன். அந்த ஓவிய வகுப்புப் பென்சில் இன்னும் என் கையில்தான் இருக்கிறது போல.

அடுத்த ஞாயிறு அந்த மாணவியைக் கூப்பிட்டு, இதையெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னேன். என் பையிலிருந்த செங்கல் நிற பிளஷை அவள் புறங்கையில் தடவிக் காட்டினேன். வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அட, பீச்!" என்றாள்.

"ஆமா. உன் பீச்," என்றேன். "இப்ப வீட்டுக்குப் போய், அந்த ரூட்டீன்ல ஒரு வரி சேர்த்துக்கோ. எல்லாத்தையும் போடுறதுக்கு முன்னாடி, கழுவின முகத்தோட, கண்ணாடிய ஒரு நிமிஷம் பாரு. திரை விலகுறதுக்கு முன்னாடி உள்ள இருக்கிறவங்களுக்கு ஒரு வணக்கம் சொல்லிட்டு அப்புறம் ஆரம்பி."

சிரித்தாள். "பாட்டி கேட்டா?"

"பாட்டிகிட்ட கஸ்தூரி மஞ்சள் எப்படி உரசுறதுன்னு கேளு. அவங்க ரூட்டீனையும் சொல்லுவாங்க. கேட்டுட்டு, ரெண்டு பேரும் சேர்ந்து அந்த ரெண்டு தேவாரத்தையும் பாடிடுங்க."